புகார்க் குழுவின் தலைவி

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கிற பற்கள் இந்த வாக்கியம் முடிவதற்குள் உதிர்ந்து மேசையில் விழட்டும். வாக்கியம் முடிந்துவிட்டது. விழவில்லை. தைரியமாக மேலே படிக்கலாம்.

நான் காலமெல்லாம் வேலை பார்த்தது ஒரு பொம்மைக் கம்பெனியில். பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை அல்ல. துணிக்கடைக் கண்ணாடிக்குள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்குமே, ஆளுயரப் பொம்மை, அது. அச்சில் வார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கண் எழுதி, முடி ஒட்டி, கடைசியில் கையை மாட்டி அனுப்புவோம். கை மாட்டுவது என் வேலை. தோளில் ஒரு ஸ்பிரிங், மணிக்கட்டில் ஒரு திருகு. மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கமாக லேசாகத் திருப்பினால் கை தனியே கழன்று வந்துவிடும். சட்டை மாட்டுகிறவர்களின் வசதிக்காக அப்படி.

முடிந்து நிற்கிற பொம்மையைத் தொடாமல் யாரும் தாண்டக்கூடாது என்பது எங்கள் கம்பெனிப் பழக்கம். தோளில் கை வைத்து ஒரு அசைப்பு, மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்பு. கோளாறு இருந்தால் கடைக்குப் போகுமுன் நம்மிடமே தெரிந்துவிடும் என்று முதலாளி ஏற்படுத்தியது. கூட்டுகிற அம்மாள்கூட துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த மூலைக்குப் போவார். பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. என் மைத்துனன் வெளியூரிலிருந்து வந்து ஆசையாகக் கை நீட்டினான். நான் என்னையறியாமல் திருப்பிவிட்டேன். கட்டுப் பிரிக்கிற வரையில் அவன் என் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டான்.

எங்கள் மேனேஜருக்குப் பெயர் கைராசி. அவர் தொட்ட பொம்மை சீக்கிரம் விலைபோகும் என்று முதலாளிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் கைராசி பொம்மையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற பெஞ்சுக்குப் பின்னால் மெதுவாக நடப்பார். ஒவ்வொரு தோளிலும் கை விழும். கேட்டால், வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறாராம். உப்புத்தாள் பெண்கள் பொறுக்கமாட்டாமல் பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் வந்து பார்த்தால் சுவரைக் காணோம். காற்றோட்டத்துக்காக இடித்துவிட்டேன் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்தது. வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்குத் தொல்லை கொடுத்தால் விசாரிக்க ஒவ்வொரு கம்பெனியிலும் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும். தலைமையும் பெண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்களைக் குழுவில் உட்கார வைத்தால் அத்தனை நேரம் யார் கண் எழுதுவது, யார் முடி ஒட்டுவது என்று புலம்பினார். கைராசிதான் வழி சொன்னார். நம்மிடம் பெண்களுக்கா பஞ்சம் என்றார்.

என்னைக் கூப்பிட்டு, சரக்கறையிலிருந்து நல்லதாக ஐந்தாறு பொம்மைகளைப் பொறுக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். வாசலருகே கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை ஒன்று இருந்தது. அங்கே நீள மேசையைப் போட்டு, சுற்றிலும் அவர்களை உட்காரவைத்து, முன்னால் ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர் வைத்தோம். எங்கள் அச்சில் எல்லாரும் இளவயசுக்காரிகள். தலைவிக்குக் கொஞ்சம் வயசு வேண்டும் என்பதால் கண்ணோரத்தில் இரண்டு சுருக்கம் போடச் சொல்லி, மூக்குக்கண்ணாடி மாட்டினோம். கதவில் 'குழு கூடியிருக்கிறது, உள்ளே வராதீர்' என்று பலகை தொங்கியது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஏசியை மட்டும் நிறுத்திவிட்டார்கள். குழுவில் யாரும் புழுக்கம் என்று சொல்லவில்லை.

தொழிலாளர் துறையிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். நல்ல மனுஷர். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே அசந்துபோனார். இவ்வளவு ஒழுங்காக, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல் நடக்கிற கூட்டத்தைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து போனார். மறுமுறை வந்தபோதும் கூட்டம் முடியவில்லை. என்ன கடமையுணர்ச்சி என்று கண் கலங்கினார்.

இப்போது கண்ணுக்காரியைச் சொல்லவேண்டும். பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். அவள் எழுதிய கண் நீங்கள் போகிற பக்கமெல்லாம் கூடவே வரும். தவணைக்குத் துணி எடுத்துவிட்டுப் பாக்கி வைத்தவர்கள் அந்தப் பொம்மை நிற்கிற கடைப் பக்கம் போகவே கூசுவார்கள். கண் பகுதிக்கு மேற்பார்வை வேலை காலியானபோது நியாயமாக அவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட ஆம்பளைப் பையன்கள் மூன்று பேர் அவளைத் தாண்டி மேலே போயிருந்தார்கள். அவள் போய்க் கேட்டாள். கைராசி, கொடுக்கலாம், ஆனால் நான் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும் என்றார். எதைக் கேட்பது என்று அவள் கேட்டாள். அவர் அவள் தோளில் கையை வைத்தார்.

அப்போது அவள் ஒரு பொம்மைக்குக் கருவிழி வைத்துக்கொண்டிருந்தாள். கை ஆடி, பிரஷ் இழுத்து, பொம்மைக்கு மாறுகண் விழுந்துவிட்டது. அவள் பிரஷைக் கீழே வைத்தாள். தோளில் இருந்த கையை, செத்த பல்லியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்து அப்பால் விட்டாள். கைராசி சிரித்தபடியே, சரக்கைக் கெடுத்ததற்காக அவள்மேல் விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை என்றால் எங்கள் கம்பெனியில் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். மாமியாருக்குக் கண் தெரியாது, மகளுக்குப் பள்ளிக்கூடம் முடியவில்லை.

அவள் முதலாளியிடம் போனாள். கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்று அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். மாமியாரிடம் சொன்னாள். மாமியார், என் காலத்தில் நான் படாததா என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டார். கடைசியில், நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, கண்ணுக்காரி நேரே நடந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, புகார்க் குழு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியிலிருந்து பார்த்தோம். அவள் பேசினாள். அழுதாள். தலைவியின் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மறுபடி பேசினாள். வெளியே வந்தபோது அவள் முகம் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. புத்தி கித்தி பேதலித்துவிட்டதா, என்னம்மா சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல அண்ணே. அதான் நல்லா இருந்துது. இதுவரைக்கும் யாருமே என்னை முழுசாப் பேச விட்டதில்ல."

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டுத் தொழிலாளர் ஆபீசுக்கே போய்விட்டாள். பழைய இன்ஸ்பெக்டர் மாறிப்போய், அங்கே புதிதாக ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். உங்கள் கம்பெனியில் குழு இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது மேடம், ஆனால் பேசமாட்டார்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். பயமா என்று கேட்டிருக்கிறார். இல்லை மேடம், அவர்கள் சுபாவமே அப்படித்தான் என்றிருக்கிறாள். சரி, நானே வந்து பேசவைக்கிறேன் என்று அதிகாரி அம்மா சொல்லி அனுப்பிவிட்டார்.

இதற்கு நடுவே கம்பெனியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கொள்முதலுக்கு வந்த துணிக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடி வழியே பார்த்து, மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிற அந்த அம்மாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கைராசி தொட்டுக் கொடுத்தார். குழுவின் தலைவியை விற்றுவிட்டோம்.

அதனால் விசாரணை நாளன்று தலைவி நாற்காலி காலி. கைராசி என்னைக் கூப்பிட்டு, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வேறொரு தலைவியை உட்காரவை என்றார். நானும் கிடங்கில் தேடி, தூசி படிந்து சுமாராக வயசு தெரிகிற ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்து கண்ணாடி வழியே பார்த்தால் நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

நடந்தது இதுதான், பிற்பாடு அதிகாரி அம்மாவே சொன்னது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் தனியாகப் பின்வாசல் வழியே வந்திருக்கிறார். குழு கூடியிருக்கிறது என்ற பலகையைப் பார்த்து, நல்லதாகப் போயிற்று என்று கதவைத் தள்ளி, வணக்கம் சொல்லியிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி சொல்லியிருக்கிறார். பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார். அதிர்ச்சியில் சிலருக்கு மயக்கம் வரும், சிலருக்குக் கத்தல் வரும். அந்த அம்மாவுக்கு விறைப்பு வந்துவிட்டது. காலியாக இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தவர்தான். கண் சிமிட்டவில்லை, விரல் அசையவில்லை, மூச்சுகூட உள்ளுக்குள்ளேயே போய்வந்திருக்க வேண்டும்.

எனக்கு அதெல்லாம் அப்போது தெரியுமா? பினிஷிங் பகுதியிலிருந்து நேரே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடடா, என்ன வேலைப்பாடு, கழுத்து நரம்புகூடத் தெரிகிறதே, இப்படி ஒரு ஆள் நம்மிடம் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று பொறாமைகூடப் பட்டேன். உள்ளே போய் வழக்கம்போல் ஒரு திருப்புத் திருப்பியிருப்பேன். இரண்டு கையும் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்ததால் தப்பினேன்.

சாப்பாடு முடிந்ததும் முதலாளி எல்லாரையும் கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நிற்கவைத்தார். இரண்டு தரப்பையும் குழு கேட்டது என்று நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாதாம். கண்ணுக்காரி பேசியாகிவிட்டது; இப்போது கைராசி பேசவேண்டும்; அதோடு அவளை அனுப்பிவிடலாம். அவள் கையில் பையை எடுத்துக்கொண்டே வந்து நின்றாள். உள்ளே புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

கைராசி நாடகக்காரர் மாதிரி நுழைந்தார். மாண்புமிகு தலைவி அவர்களே என்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். எங்களில் சில ஆம்பளைகள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அவருக்கு ஏறிவிட்டது. மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசத் தொடங்கினார்.

"ஆமா, தொட்டேன். தோள்ல கை வச்சேன். இவ ஒருத்தி தோள்லயா வச்சேன்? இந்தக் கம்பெனியில நான் கை வைக்காத தோள் இருக்கா? தேஞ்சா போயிட்டாங்க? மேற்பார்வை வேலை கேட்டா. நான் சொல்றபடி இருந்தாத் தரேன்னேன். இருக்கல. அவ்வளவுதான். பொம்பளைக்குக் கீழ ஆம்பளைய நிறுத்தி வேலை வாங்க எனக்கு என்ன பைத்தியமா?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டோம். தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் வாயாலேயே, பட்டப்பகலில், வரிசையாகக் கேட்டது அன்றைக்குத்தான். உப்புத்தாள் பெண்கள் கண்ணாடிக்கு நெருங்கி வந்தார்கள். கண்ணுக்காரி மட்டும் தலைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். தான் எழுதாத கண் எது என்று அவளுக்குத் தெரியாதா?

பேசி முடித்த கைராசி தலைவியிடம் போனார். அட, புதுசா என்றார். தோளில் கையை வைத்து ஒரு அசைப்பு அசைத்தார். தோள் ஆடவில்லை; திருப்தியாகத் தலையாட்டினார். மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினார். கழலவில்லை. என்னைப் பார்த்து, என்னய்யா மாட்டியிருக்கிறாய், இறுகிப்போய்க் கிடக்கிறதே என்று சொல்லிக்கொண்டே இன்னும் பலமாகத் திருப்பினார்.

"கையை எடுங்க."

சொன்னது தலைவி.

நான் இந்த வயசுக்குள் பூகம்பம் பார்த்திருக்கிறேன், மாமனார் கோபம் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை. முடி ஒட்டுகிறவள் கையிலிருந்த சீப்பு விழுந்தது; அது தரையைத் தொடக்கூடப் பயந்து கொஞ்சம் அந்தரத்தில் நின்றதாக எனக்கு ஞாபகம். கூட்டுகிற அம்மாள், திருகித் திருகித் தான் இத்தனை காலமும் எத்தனை பேரை வதைத்தேனோ என்று வாய்விட்டு அழுதார். முதலாளி சுவரைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார்; சுவரைத்தான் இடித்தாகிவிட்டதே, கீழே உட்கார்ந்தார். கைராசியின் தலைமுடி குத்திட்டு நின்றது. நின்றதோடு விடாமல் ஒரு பக்கமாக வழுக்கி இறங்கியது. எங்கள் முடிப் பகுதியிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிகாரி அம்மா எழுந்து நின்று, வலித்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, தான் யார் என்று சொன்னார். தான் இதுவரை புகார்களைப் படித்திருப்பதாகவும், ஒரு புகார் தன் தோளில் வந்து உட்காருவது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, இதுதான் உங்கள் குழுவா என்று கேட்டார்.

முதலாளி எழுந்து வந்து, கைகட்டி நின்று, ரொம்பப் பணிவாகச் சொன்னார். "பொம்பளைங்க இருக்கணும்னு சட்டத்துல இருக்கு மேடம். உயிரோட இருக்கணும்னு எங்கயும் போடலயே."

அந்த அம்மா திகைத்துப்போனார். பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அடிக்குறிப்புவரை பார்த்தார். உண்மைதான், எங்கேயும் போடவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சரி, அப்படியானால் இந்தக் குழுவே தீர்ப்புச் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன் என்றார். முதலாளி முகத்தில் உயிர் வந்தது. இவர்கள் எங்கே வாயைத் திறக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

அம்மா மேசைத் தலைமாட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்தப் புகார் உண்மைன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முதலில் தூக்கியது உப்புத்தாள் பெண்களில் ரொம்பச் சாதுவானவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை. அப்புறம் முடி ஒட்டுகிறவள். அப்புறம் துடைப்பத்தோடு ஒரு கை. பிறகு பெஞ்சு பெஞ்சாக, பெயிண்ட் பட்ட கை, பசை ஒட்டிய கை, தூசி படிந்த கை. நானும் தூக்கினேன். கண்ணுக்காரி பையைக் கீழே வைத்துவிட்டு, தான் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர்களில் ஒருத்தி கை தூக்கியிருந்தாள். அடுத்து 'டக்', இன்னொருத்தி. பிறகு சரசரவென்று எல்லாரும். ஏசி இல்லாத புழுக்கத்தில் ஸ்பிரிங் இளகிவிட்டது, கை மாட்டினவன் சரியில்லை என்று முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மாட்டிய ஸ்பிரிங் கீழேதான் இறங்கும் முதலாளி, மேலே ஏறாது என்றேன். தீர்ப்பு ஏகமனதாக நிறைவேறியது என்று அதிகாரி அம்மா அறிவித்தார். அறிவித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

மீதியெல்லாம் சட்டப்படி மளமளவென்று நடந்தது. போலீஸ் வந்தது. கைராசி மேல் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் அவர் கூண்டில் ஏறியதும், கம்பியைப் பிடித்து ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தாராம். அதைப் பார்த்த ஜட்ஜ் தண்டனையைக் கூட்டிவிட்டார். ஏமாற்றுக் குழு வைத்ததற்காக முதலாளி மேல் தனியாக நடவடிக்கை. அன்றைக்குச் சாயங்காலமே உயிருள்ள பெண்களை வைத்துக் குழு அமைத்து, அந்த ஏசியையும் போடவைத்துவிட்டுத்தான் அந்த அம்மா கிளம்பினார். பெண் என்பதற்காகப் பதவி உயர்வை மறுத்தது தனிக் குற்றம் என்று சொல்லி, கண்ணுக்காரிக்கு மேற்பார்வை வேலையை அங்கேயே கொடுக்கவைத்தார்.

மறுநாள் காலை கண்ணுக்காரி போட்ட முதல் உத்தரவு, பொம்மையாக இருந்தாலும் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்பது. நாங்கள் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரையில் நின்றோம். உற்பத்தி அடியோடு படுத்துவிட்டது. ஆனால் அவளிடம் போய் அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவள் அந்த நாற்காலியில் இருந்தே ஓய்வு பெற்றாள். மகள் படித்து வக்கீலானாள்.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: ஆரம்பத்திலிருந்தே எங்கள் கம்பெனி செய்து விற்றதெல்லாம் கழுத்தோடு நின்றுவிடுகிற, கண் எழுதவோ முடி ஒட்டவோ தலையே இல்லாத பொம்மைகள்.